கம்பளி காய எத்தனை நாள்? மலையகத்து மழை வெயில் பேச்சைத் திரட்டும் முறை

“கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை.” இலங்கை மலையகத்தில், பசறைப் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு பாட்டி இதைச் சொல்லும்போது வெளியே மார்கழி மழை கொட்டிக்கொண்டிருக்கும். சொலவடை பொய்யில்லை. அது திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சமவெளியில் புழங்கியது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, முதலில் கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் ஆட்களோடு ஏறி வந்தது. விலாசம் மாறியது, வாசகம் மாறவில்லை. ஆகவே மலையகத்தில் மழை வெயில் பற்றிய பேச்சைத் திரட்டப் போகிறவர் முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: எந்தச் சரிவில், எந்த மாதத்தில் சொன்னது என்று எழுதாத சொலவடை பாதிச் சொலவடைதான்.

இது பாடசாலைச் செயற்றிட்டம் செய்யும் பிள்ளைகளுக்கும், வாசிகசாலை இளைஞருக்கும், வீட்டுப் பெரியவரின் பேச்சைப் பதிந்துவைக்க நினைப்பவருக்கும் எழுதியது. வேண்டியவை: ஒரு தடித்த கொப்பி, இரண்டு பென்சில், தொலைபேசி, ஒன்றரை லீட்டர் பிளாஸ்டிக் போத்தல், ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று. ஓராண்டு கையில் இருந்தால் நல்லது. மூன்று மாதம் என்றாலும் உருப்படியாகச் செய்யலாம்.

மேற்கா, கிழக்கா

கொப்பியின் முதல் பக்கத்தில் தோட்டத்தின் பெயர், டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு), ஏறத்தாழ எத்தனை மீட்டர் உயரம், மலை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று எழுதுங்கள். தொலைபேசி வரைபடத்தில் உயரம் கிடைக்கும். திசைக்கு, காலைச் சூரியன் லயத்து இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், விழுகிறதா, பின்பக்கச் சுவரில் விழுகிறதா என்று பார்த்தால் போதும்.

இலங்கைக்கு மழைக்காலம் நான்கு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவம். இடையில் மார்ச், ஏப்ரல் ஒன்று. ஒக்டோபர், நவம்பர் ஒன்று. தென்மேற்குக் காற்று கினிகத்தேனை, வட்டவளை, மஸ்கெலியா மலைகளில் மோதி ஏறிக் குளிர்ந்து தன் தண்ணீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. அந்தச் சரிவில் சில இடங்களில் ஆண்டு மழை 5000 மில்லிமீட்டரைத் தாண்டும். மலையைக் கடந்து பண்டாரவளை, பதுளைப் பக்கம் இறங்கும்போது அதே காற்று வரண்டு வீசும். ஊவாவில் அது கச்சான். ஆகவே “ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்” என்பதை வட்டவளையில் சொன்னால் மழையோடு வரும் காற்று. பண்டாரவளையில் சொன்னால் தொண்டை வரளும் காற்று. ஒரே வாக்கியம், இரண்டு வானிலை. ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும் காலமும் அந்த வரண்ட ஜூலை முதல் செப்டெம்பர் வரைதான். மேற்குப் பக்கத்துக்கு அந்தக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை.

ஏப்ரலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். காலையில் சுள்ளென்ற வெயில், மதியத்துக்குமேல் மப்பு, பின்னேரம் இடிமழை. இது இரண்டு சரிவுக்கும் பொது. சித்திரை மழை பற்றிய நினைவுகளில் இடியும் மின்னலும் வராவிட்டால், சொல்பவர் மாதத்தைக் குழப்பிக்கொண்டிருக்கலாம் என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

போத்தலில் மழைமானி

நினைவைச் சேகரிப்பவருக்கு மழைமானி எதற்கு என்று கேட்கலாம். “அடைமழை” என்று ஒருவர் சொல்வதும் “தூறல்” என்று இன்னொருவர் சொல்வதும் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு பருவமாவது கண்ணால் பார்த்திருந்தால்தான் கேள்வி கேட்கத் தெரியும்.

போத்தலின் தோள் முடிந்து பக்கம் நேராகும் இடத்தில் வெட்டுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, மேல்துண்டைத் தலைகீழாகப் புனல்போல் கீழ்த்துண்டுக்குள் செருகி, இரண்டு விளிம்பும் ஒன்றாய் இருக்கும்படி டேப் ஒட்டுங்கள். அடியில் அளவுகோல் வரைய வேண்டாம். இந்தப் போத்தல்களுக்கு அடிப்பாகம் குழிந்தும் பக்கம் நெளிந்தும் இருப்பதால் வரைந்த கோடு பொய் சொல்லும். தண்ணீரைச் சிரிஞ்சால் உறிஞ்சி அளப்பதே சரி.

கணக்கு இது. வாயின் உள்விட்டத்தை இரண்டு திசையில் அளந்து சராசரி எடுங்கள். 9 சென்டிமீட்டர் என்றால் ஆரை 4.5, பரப்பு 4.5 × 4.5 × 3.14 = 63.6 சதுர சென்டிமீட்டர். சேர்ந்த தண்ணீரை மில்லிலீட்டரில் அளந்து, பரப்பால் வகுத்து, 10 ஆல் பெருக்கினால் மழை மில்லிமீட்டரில் வரும். 200 மில்லிலீட்டர் இருந்தால் 31.4 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லீட்டர் தண்ணீர். கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடிக்கும் வீட்டாருக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும்.

வைக்கும் இடம்தான் சிக்கல். லயத்துக்கு அருகில் வைத்தால் தகரத்திலிருந்து தெறிப்பது விழும். நிழல் மரத்தடியில் வைத்தால் மழை விட்ட பிறகும் சொட்டும். பக்கத்தில் உள்ள பொருள் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, புல் தரையில், விளிம்பு நிலத்திலிருந்து ஒரு 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி கல் அடுக்கி இறுக்குங்கள். சிமெந்துத் தரையில் தெறிப்பு அதிகம். ஆடிக் காற்றில் உயரமாக வைத்த மானி குறைவாகவே பிடிக்கும், துளிகள் வாயைத் தாண்டிப் போய்விடும். ஆடு, காகம், பந்து விளையாடும் பிள்ளைகள் மூவருக்கும் தப்ப நான்கு குச்சியும் ஒரு துண்டு வலையும் வேண்டும்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாள் காலை 8.30க்கு முடிகிறது. அந்த நேரம் தோட்டத்தில் பெரியவர்கள் மலையில், பிள்ளைகள் பாடசாலையில். முடியாத நேரத்தை வைத்துக்கொண்டு மூன்றாம் நாளே கைவிடுவதைவிட, காலை 6.30 என்று வைத்து அதையே கடைசிவரை பிடியுங்கள். நேரத்தை முதல் பக்கத்தில் எழுதிவிட்டால், திணைக்களத்தின் கணக்கோடு ஒப்பிடும்போது நாளாக ஒப்பிடாமல் வாரமாக, மாதமாக ஒப்பிட்டுக்கொள்ளலாம். அளக்காத நாளுக்குச் சுழியம் போடாதீர்கள், ஒரு கோடு போடுங்கள். சுழியம் என்றால் மழை இல்லை. கோடு என்றால் பார்க்கவில்லை. இரண்டையும் கலந்த கொப்பியைப் பிறகு எதற்கும் நம்ப முடியாது. தினமும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், நுளம்பு முட்டையிடும்.

வெயிலுக்கு இன்னும் எளிது. ஒரு குச்சியை நிமிர்த்தி நட்டு, காலை 8, 10, மதியம் 12, பின்னேரம் 2, 4 மணிக்கு நிழல் விளிம்பு தெளிவாக விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். விழுந்தால் ‘வெ’, மங்கலாக விழுந்தால் ‘ம’, விழாவிட்டால் ‘மூ’, அதாவது மூடம். எல்லா நேரமும் பார்க்க முடியாதவர் 8, 4 இரண்டையாவது விடாமல் பார்க்கலாம்.

ஒரு விடயம் கதைக்கு வெளியே. மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் எல்லைகள் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறுதல். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேறுதல்தான். மேலே சொன்ன 9 சென்டிமீட்டர் வாய்க்கு 75 மில்லிமீட்டர் என்றால் 477 மில்லிலீட்டர். பெருமழை நாளில் நடுவிலும் அளந்து கூட்டிக்கொள்ளுங்கள். போத்தலில் குறைவாக இருந்தாலும் சுவரில் புது வெடிப்போ, மேட்டிலிருந்து சேற்றுத் தண்ணீரோ கண்டால் அளந்துகொண்டு நிற்கக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

கேட்கும் விதம்

“உங்கள் சின்ன வயது மழை நினைவு ஒன்று சொல்லுங்கள்” என்று கேட்டால் “அப்பெல்லாம் நல்ல மழை தம்பி” என்று பதில் வரும். அதற்குமேல் எதுவும் வராது. தோட்டத்தில் மழை ரசிக்கும் பொருளாக இருந்ததில்லை. வேலையின் ஒரு பாகமாக இருந்தது. ஆகவே வேலையைக் கேளுங்கள், மழை தானாக வரும். கீழே வரும் பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்க எல்லோரும் கூடும் இடம், கொங்காணி என்பது தலையையும் முதுகையும் மூடிப் போடும் கம்பளி மடிப்பு.

“அம்மாயி, மழைக்குப் பெரட்டுக்குப் போறப்ப தலையில என்ன போட்டீங்க?”
“கம்பளியக் கொங்காணி போட்டுக்குவோம்.”
“நனைஞ்சா எவ்வளவு கனம் இருக்கும்?”
“அத ஏன் கேக்குற, கூடையக் காட்டியும் அதுதான் கனம்.”
“காய எத்தனை நாள்?”
“எங்க காயிறது. அடுப்புக்கு மேல போட்டு, ஈரத்தோடயே மறுநாளும் எடுத்துக்கிட்டுப் போறதுதான்.”

இப்படிப் போகும் பேச்சில் கம்பளி, இடுப்பில் சுற்றிய படங்கு, கூடைக்குள் தேங்கும் தண்ணீர், காலில் ஏறும் அட்டை, அட்டைக்குத் தடவியது சவர்க்காரமா உப்பா தேசிக்காயா, ஈரக் கொழுந்துக்கு நிறுவையில் எவ்வளவு கழித்தார்கள், மழைக்கு மலையிலிருந்து இறக்கிவிட்டால் முழுப்பேரா (முழுநாள் சம்பளம்) அரைப்பேரா (அரைநாள்), பிள்ளைக் காம்பரா என்ற குழந்தைப் பராமரிப்பு அறையில் விட்ட கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வழுக்குப் பாதையில் எப்படி இறங்கினார்கள் என்று ஒவ்வொன்றாக இழுக்கலாம். கழித்த கணக்கும் அரைப்பேரும் வரும்போது குரல் மாறும். அந்த இடத்தில் கேள்வியால் இடைமறிக்காதீர்கள். மழை நினைவின் அடிக்கட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஆண்களிடம் கேள்வி வேறு. கவ்வாத்து என்கிற தேயிலைச் செடி வெட்டு, கான் என்கிற வடிகால் வெட்டு, மருந்தடிப்பு, ஸ்டோர் என்கிற தேயிலை ஆலை வேலை. மருந்தடித்த பிறகு மழை வந்தால் என்ன ஆகும்? வாடவைக்கும் தட்டில் ஈரக் கொழுந்து எத்தனை மணி நேரம் கூடுதலாகக் கிடக்கும்? ஸ்டோரில் வேலை செய்தவர்கள் வெளியே பாராமலே கொழுந்தைக் கையில் பிடித்து அன்றைய வானிலையைச் சொல்வார்கள். அவர்கள் சொற்களை அப்படியே எழுதுங்கள்.

வெயிலை மறந்துவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் எல்லோரும் மழையையே கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். பனி விழும் தை மாதக் காலையில் லயத்தின் எந்தச் சுவரோரம் வெயில் காய்ந்தார்கள், யாருக்கு அந்த இடம், வெளுத்த துணியை எந்தப் புதரில் உலர்த்தினார்கள், பிள்ளை பெற்றவளையும் குழந்தையையும் எந்த வேளை வெயிலில் உட்காரவைத்தார்கள், பொங்கல் பானையை எந்தத் திசை பார்த்து வைத்தார்கள் என்று கேளுங்கள். நுவரெலியா போன்ற உயரத்தில் ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும். அந்தக் காலை வெயிலைப் பற்றிய பேச்சு மகிழ்ச்சியும் பயமும் கலந்தே வரும்.

ஒலிப்பதிவுக்குச் சில ஒழுங்குகள். முதலில் அனுமதி, அதுவும் பதிவிலேயே குரலாக இருக்கட்டும். பெயர் போடலாமா, “ஓய்வு பெற்ற கொழுந்தெடுப்பவர், 74 வயது” என்று மட்டும் போடலாமா என்றும் கேளுங்கள். தொலைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். தகரக் கூரையில் மழை பெய்யும்போது பதியாதீர்கள். காதுக்கு இதமாக இருக்கும், பதிவில் பேச்சு ஒரு சொல்லும் தேறாது. மேற்குச் சரிவில் ஏப்ரலில் காலை பத்துக்கு முன், ஜூனில் மழை எப்போது இடைவெளி விடுகிறதோ அப்போது பதியுங்கள். மேசையில் நேராக வைக்காமல் மடித்த கம்பளி அல்லது துவாயின்மேல் வைத்தால் தட்டும் ஓசை ஏறாது. முப்பது விநாடி பேசவைத்துக் கேட்டுப் பார்த்த பிறகே தொடருங்கள். சுருக்காத ஒற்றைத் தடப் பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 மெகாபைட் பிடிக்கும், ஒரு மணி நேரத்துக்கு 300. இடம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். பேச நல்ல இடம் அடுப்பங்கரை; நல்ல நேரம் ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து முடிந்த பிறகு. சம்பள நாளில் போகாதீர்கள்.

ஆண்டைப் பிடித்தல்

“எந்த வருஷம்?” என்று கேட்டால் பலரும் ஏதோ ஓர் ஆண்டைச் சொல்லிவிடுவார்கள், உங்கள் மனம் நோகக் கூடாது என்று. கேள்வியைச் சுற்றிப் போடுங்கள். எந்தத் துரை, அதாவது தோட்ட மேலாளர், இருந்தார்? அந்த மழைக்கு எந்த நம்பர் மலையில் கொழுந்து? அந்த மலையைக் கவ்வாத்து வெட்டியது அதற்கு முன்னா பின்னா? மூத்த பிள்ளை தவழ்ந்ததா, நடந்ததா? கூரை அப்போது தகரமா, சீட்டா? ஒரு மலைக்குக் கவ்வாத்து மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வருவதால் இரண்டு மலைகளின் கவ்வாத்தைக் கோத்தாலே ஆண்டு நெருங்கிவிடும்.

ஊரறிந்த நிகழ்வுகளைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். 1964 ஒக்டோபரில் தோட்டத் தமிழரின் குடியுரிமை பற்றிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 1960களின் பிற்பகுதியில் மவுசாகலை அணை எழுந்து பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. 1972, 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானது. எழுபதுகளின் நடுப்பகுதியில் பஞ்சம். 1977, 1983 கலவரங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்த மண்சரிவு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை. வெயிலுக்கும் அடையாளம் உண்டு: கடும் வரட்சியில் மவுசாகலை நீர்மட்டம் இறங்கும்போது மூழ்கிய பழைய வழிபாட்டிடங்கள் வெளியே தெரியும். “கோயில் தெரிஞ்ச வருஷம்” என்று மஸ்கெலியாவில் சொன்னால் அது வரட்சிக் கணக்கு. ஆனால் அப்படித் தெரிந்தது ஒருமுறை மட்டுமல்ல, ஆகவே எந்த முறை என்று மேலும் கேட்க வேண்டும். மண்சரிவிலும் கலவரத்திலும் ஆட்களை இழந்தவரிடம் அதை ஆண்டுக் குறியாகப் பயன்படுத்தாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், தூண்டித் துருவாதீர்கள்.

மாதத்துக்குக் கோயிலும் வேலையும் உதவும். காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுமுன்னா, காமனை எரித்த பிறகா என்றால் மாசி. மார்கழி பஜனைக்குக் குடை பிடித்துப் போனார்களா? ஆடிப் பூசைக்கு ஈர விறகா? சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் ஏறும் காலமா? அந்தப் பருவம் டிசம்பர்ப் போயா என்ற பௌர்ணமி நாளில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் முடிகிறது. மேற்குச் சரிவின் வெயில் காலத்தை ஏறத்தாழ அது அடைத்துவிடும்.

பல தோட்டக் கந்தோர்களில், அதாவது அலுவலகங்களில், நாள் மழைப் புத்தகம் உண்டு. பார்க்க அனுமதி கேட்டுக் கடிதம் கொடுங்கள். எந்த ஆண்டு, எந்த மாதம் என்று குறுக்கிக் கேட்டால் இல்லை என்று சொல்வது அவர்களுக்கும் கடினம். பழைய பக்கங்கள் அங்குலத்தில் இருக்கும். 25.4 ஆல் பெருக்குங்கள்: 2.35 அங்குலம் என்றால் 59.7 மில்லிமீட்டர். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலும் மழைக் கணக்கு இருக்கிறது. புத்தகமும் பாட்டியும் முரண்பட்டால் பாட்டியின் வாக்கியத்தைத் திருத்தாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று நாள் மழை “ஒரு மாசம் விடாம” என்று நினைவில் நிற்பதற்கு, அந்த மூன்று நாளும் அடுப்பெரியாதது காரணமாக இருக்கலாம்.

சொலவடையைச் சோதித்தல்

திரட்டியதும் நிறையக் கையில் சேர்ந்துவிடும். தட்டான் தாழப் பறந்தால் மழை. எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை. ஈசல் பறந்தால் மழை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சொன்ன சொல் மாறாமல், சொன்னவர், இடம், மாதம், கேலியாகச் சொன்னதா நம்பிச் சொன்னதா என்று எழுதுங்கள். “இங்கே பலிக்குமா?” என்று சொன்னவரிடமே கேளுங்கள். “இது ஊர்ல சொல்றது, இங்க சரிவராது” என்ற பதில் அடிக்கடி வரும். ஊர் என்று அவர் சொல்வது அவர் ஒருநாளும் பார்த்திராத தமிழ்நாடாகவும் இருக்கும். அந்தப் பதிலே ஒரு சேகரிப்பு.

பிறகு சோதனை. இங்கே பெரும்பாலானோர் விழும் குழி: ஜூனில் வட்டவளையில் எந்தச் சகுனமும் பலிக்கும். கணக்குப் பழக ஓர் எண் வைத்துக்கொள்வோம். 30 நாளில் 26 நாள் மழை. தட்டான் தாழப் பறந்த 10 நாளில் 9 நாள் மழை. ஆகா என்று தோன்றும். பறக்காத 20 நாளிலும் 17 நாள் மழை பெய்திருக்கிறதே! தட்டான் எதையும் சொல்லவில்லை. அதே கணக்கைப் பெப்ரவரியில் செய்து, 28 நாளில் 5 நாள்தான் மழை, அதில் 4 நாள் தட்டான் தாழப் பறந்த ஆறு நாளுக்குள் வந்தது என்றால் அது பேசத் தக்கது. ஆகவே சொலவடையை மேற்கில் வெயில் காலத்திலும் கிழக்கில் கச்சான் காலத்திலும் சோதியுங்கள். பறந்த நாளை மட்டும் எழுதாமல் பறக்காத நாளையும் எழுதுங்கள். இதை எழுதாமல் விட்ட கொப்பிகள்தான் அதிகம். எத்தனை மில்லிமீட்டருக்கு மேல் மழை நாள் என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். 1 மில்லிமீட்டர் வசதியான எல்லை.

ஈசலுக்கு நேரத்தைக் குறியுங்கள். நல்ல மழை பெய்து மண் இளகிய பிறகே அது பெரும்பாலும் புற்றைவிட்டு வெளியேறும். வரும் மழைக்கு அச்சாரமா, வந்த மழைக்கு ரசீதா என்று நேரம்தான் சொல்லும்.

“கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை” என்பது இவற்றுள் நுட்பமானது. நிலவைச் சுற்றி இருவகை வட்டம் விழும். நிலவை ஒட்டினாற்போல் மஞ்சளும் செம்மையுமாகத் தெரிவது மெல்லிய நீர்த்துளி மேகத்தால் வருவது. தள்ளிப் பெரிதாக வெண்மையாக நிற்பது மிக உயரத்தில் உள்ள பனிப்பளிங்கு மேகத்தால் வருவது. அதன் ஆரை எப்போதும் ஏறத்தாழ 22 பாகை. கையை முழுதும் நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடைவெளி ஏறத்தாழ அவ்வளவுதான். கட்டைவிரலை நிலவின்மேல் வைக்கும்போது சுண்டுவிரல் வட்டத்தைத் தொட்டால் எட்ட வட்டம். இப்படிப் பிரித்து எழுதாமல் “நிலவைச் சுற்றி வட்டம்” என்று பொதுவாகக் குறித்தால் சோதனை பாழ்.

மழை வரவழைக்கும் சடங்குகளையும் கேளுங்கள். கொடும்பாவி கட்டி இழுத்து ஒப்பாரி வைத்து எரிப்பது சமவெளி வழக்கம். இன்று பத்திரிகையில் கொடும்பாவி என்றால் அரசியல்வாதியின் உருவப் பொம்மை என்றாகிவிட்டது. ஆனால் மேற்குச் சரிவில் கேட்க வேண்டியது மறுபக்கம்: மழையை நிறுத்த என்ன செய்தீர்கள்? திருவிழா நாளில், கல்யாண நாளில், சவம் எடுக்கும்போது? சமவெளியில் எழுதப்பட்ட தொகுப்புகளைப் பார்த்து வினாப்பட்டியல் தயாரித்தால் இந்தக் கேள்வி வரவே வராது.

வெயிலும் மழையும் சேர்ந்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்று லயத்துப் பிள்ளைகள் கத்துவார்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் “அவ்வய் வெஸ்ஸய், நரியாகே மகுலய்” என்பார்கள். வெயிலும் மழையும், நரியின் திருமணம். கேரளத்திலும் வங்கத்திலும் நரிக்கே கல்யாணம், ஜப்பானிலும் அப்படியே. உங்கள் தோட்டத்தில் மாப்பிள்ளை யார், பெண் யார், சமையல் யார், அடுத்த அடி என்ன என்று வயது வாரியாகக் கேட்டுப் பாருங்கள். பாட்டியின் பாடமும் பேத்தியின் பாடமும் வேறாக இருக்கும். பேத்தி பாடசாலையிலோ தொலைக்காட்சியிலோ கற்றிருந்தால் அதையும் குறியுங்கள்.

வானவில்லைப் பார்க்கவும் வரையவும்

சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். உங்கள் தலையின் நிழல் விழும் இடத்தை மையமாகக் கொண்டு 42 பாகையில், அதாவது நீட்டிய கையின் ஏறத்தாழ இரண்டு சாண் தூரத்தில், வில் நிற்கும். தரையில் உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால்தான் சமதரையில் வில் தெரியும். மலையகத்தில் அது ஏறத்தாழ காலை ஒன்பதுக்கு முன், பின்னேரம் மூன்றரைக்குப் பின். ஆனால் இங்கே தரை சமமில்லை. மேட்டு மலையில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பவருக்கு நடுப்பகலிலும் வில் காலுக்குக் கீழே விழலாம். டெவன், சென் கிளேயார் போன்ற அருவிகளின் சாரலில் வில்லைத் தேடுபவரும் சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு, நிழல் விழும் பக்கமே பார்க்க வேண்டும்.

காலை வில் மேற்கே, மாலை வில் கிழக்கே. தென்மேற்குக் காலத்தில் மழை மேற்கிலிருந்து வருவதால் காலை வில் வரப்போகும் மழையையும், மாலை வில் கடந்துபோன மழையையும் காட்ட வாய்ப்பு அதிகம். வடகிழக்குக் காலத்தில் இது தலைகீழ். வில்லைப் பற்றிய சொலவடை எது கிடைத்தாலும் இந்தக் காற்றுத் திசையோடு வைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளின் படங்களில் வானவில்லுக்குப் பக்கத்திலேயே சூரியன் சிரித்துக்கொண்டிருக்கும். அப்படி நடக்கவே நடக்காது. சூரியன் பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். சிவப்பு வெளியே, ஊதா உள்ளே. இரண்டாம் வில் வந்தால் அதில் நிறம் தலைகீழ், இரண்டுக்கும் நடுவில் வானம் சற்று இருண்டிருக்கும். பெரியவர்களின் நினைவுக்குப் படம் போடும் பிள்ளையிடம் இதைச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் ஏற்கெனவே போட்ட படத்தை அழிக்கச் சொல்லாதீர்கள்.

மூடுபனியை நீர்வண்ணத்தில் கொண்டுவரத் தாளை முழுதும் நனைத்து, ஈரம் பளபளப்பு நின்ற பிறகு தூர மலையை மிக மெல்லிய நீலச் சாம்பலில் தொடுங்கள். கிட்ட வரும் தேயிலைத் தூர்களைத் தாள் காய்ந்த பிறகே போட வேண்டும். ஜூனில் தாள் லேசில் காயாது. அடுப்புக்கு மேலே வைத்துக் காயவைத்தால் புகைக் கறை படியும். மெல்லிய தாள் நெளிந்துவிடும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளைப் பலகையில் நான்கு பக்கமும் ஒட்டி வேலை செய்யுங்கள். மழைக்கோடுகளை வெள்ளையில் வரைவதைவிட, இருண்ட பின்னணியில் மெழுகுத் துண்டால் முதலிலேயே கீறிவிட்டு மேலே நிறம் பூசினால் சாய்வு இயல்பாக நிற்கும். சாய்வின் திசை அந்த மாதத்துக் காற்றின் திசையாக இருக்கட்டும். தொலைபேசியில் மழையைப் படம் எடுக்கவும் இதே விதி: பின்னால் இருண்ட மலையோ திறந்த கதவோ இருக்க வேண்டும். வெள்ளை வானத்துக்கு எதிரே எடுத்தால் மழை தெரியாது.

காத்துவைத்தல்

காம்பராச் சுவரில் தொங்கும் பழைய போட்டோக்களில் பல, ஈரத்தால் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். பிரித்து எடுக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தைச் சாய்த்து வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, விளக்குப் பளிச்சிடாமல், கண்ணாடிக்கு மேலாகவே படம் எடுங்கள். கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நின்றால் உங்கள் பிம்பம் விழாது.

கொப்பியில் பென்சிலால் எழுதுங்கள். மழைத்துளி பட்டால் பேனை மை பரவும். கொப்பியைப் பொலித்தீன் பைக்குள், காய்ந்த கரித்துண்டு முடிந்த சிறு துணியோடு வைத்தால் பூஞ்சணம் தாமதிக்கும். ஈரம் ஏறிய கரியை மாதம் ஒருமுறை வெயிலில் காயவையுங்கள். ஒலிக்கோப்புக்குத் தேதி, டிவிசன், சொன்னவரின் தொழில் மூன்றையும் சேர்த்துப் பெயரிட்டு, அன்றிரவே இன்னோர் இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். சொன்னவரின் வீட்டுக்கும் ஒரு பிரதி போக வேண்டும். அவர்கள் தொலைபேசியில் திறக்கிறதா என்று அங்கேயே ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள். போட்டுக் காட்டும்போது “அது அப்படியில்ல, அதுக்கு முந்தின மழை அது” என்று பெரும்பாலும் ஒரு திருத்தம் வரும். பென்சிலைக் கையிலேயே வைத்திருங்கள்.